தாழ்த்திய காரில் அகல ரிம்: டயர் உரசினால், அதிர்ந்தால், ஒருபக்கம் தேய்ந்தால்

காரைத் தாழ்த்தி அகலமான அலாய் வீல் மாட்டியவர்களின் புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உரசுகிறது, அதிர்கிறது, ஒருபக்கமாகத் தேய்கிறது, சாலையின் தடம் இழுக்கிற பக்கமெல்லாம் ஓடுகிறது. அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "மட்கார்டின் விளிம்பை மடக்கிவிடலாமா?" அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மடக்கிய தகரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். உரசல்களில் பல, ஒரு அளவு சிறிய டயரிலேயே தீர்ந்துவிடுகின்றன.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை: கம்பெனி டயரின் அளவு, கம்பெனி ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும், புதிய ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும், பழைய டயரின் சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்). ரிம்முக்கு உரிய எண்கள் அதன் பின்புறத்திலோ ஆரத்தின் உட்பக்கத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். "8.5 ஜே" என்பது அங்குலத்தில் அகலம். "இ.டி. 35" என்பது மில்லிமீட்டரில் ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் அது காரில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம். இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். இந்தத் தாள் இல்லாமல் கீழே உள்ள எதுவும் பயன்படாது.

## பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் உரசுகிறது

முதலில் எந்தச் சக்கரம், எந்த இடம் என்று உறுதிசெய்யுங்கள். காது ஏமாற்றும், பின்சக்கர உரசல் காருக்குள் முன்னால் கேட்பதுபோல் இருக்கும். மட்கார்டின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் பூசிவிட்டு, பின்னிருக்கையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வழக்கமாக உரசும் சாலையில் ஒருமுறை போய்வாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் குற்றவாளி. டயரையும் பாருங்கள். உரசிய இடம் பளபளவென்று வழவழப்பாக இருக்கும், அல்லது தோள்பட்டையில் மெல்லிய கோடு சுற்றிவர விழுந்திருக்கும்.

அடுத்து, சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிய வேண்டும். ஷாக் அப்சார்பரின் தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளப்பான தண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக்கின் உடம்போடு ஒட்டும்படி கீழே தள்ளிவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஷாக் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு உயரத்துக்கு அந்தப் பட்டை தள்ளப்பட்டிருக்கும். பட்டை பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக மோதாமல் தடுக்கும் ரப்பர் துண்டு) தொடும் இடம்வரை போயிருந்தால் கார் ஏறத்தாழ தன் முழுத் தூரமும் அமுங்கிவிட்டது. அதற்கு மேல் அமுங்க அதிக இடமில்லை. அதற்கு முன்பே உரசியிருந்தால் அளவுகள் கையை மீறிப்போயிருக்கின்றன.

காரணங்களை மலிவானதிலிருந்து பாருங்கள்.

காற்று குறைவு. பக்கச்சுவர் பிதுங்கி வெளியே வரும். குளிர்ந்த டயரில் அளந்து சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை தொங்குவது. ஸ்பிரிங் மாற்றும்போது கழற்றிய கிளிப்புகளில் இரண்டு மூன்று திரும்ப மாட்டப்பட்டிருக்காது. கையால் தள்ளிப் பாருங்கள். விலையே இல்லாத இந்தக் கோளாறுக்காக மட்கார்டை மடக்கியவர்கள் உண்டு.

டயர் உயரம். கம்பெனி டயர் 205/55 ஆர் 16 என்று வைத்துக்கொள்வோம்: அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். அதன் விட்டம் ஏறத்தாழ 632 மி.மீ. 17 அங்குல ரிம்மில் 225/45 போட்டால் 634. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 18 அங்குலத்தில் 225/40 போட்டால் 637. அதே ரிம்மில் 235/40 போட்டால் 645, 245/40 என்றால் 653. கடைசி டயரின் உச்சி, மட்கார்டுக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் நெருங்கிவிடுகிறது. காரை 40 மி.மீ. தாழ்த்தியவர் அதற்கு மேல் இன்னொரு பத்தையும் இழக்கிறார். கணக்கு எளிது: ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள், பக்கச்சுவரின் உயரத்தை (டயர் அகலத்தில் அந்தச் சதவீதம்) இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள்.

டயரின் உண்மையான அகலம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். 225/45 ஆர் 17 டயரின் அகலம் அளக்கப்படுவது 7.5 அங்குல ரிம்மில். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும். ஆகவே 8.5 அங்குல ரிம்மில் "225" உண்மையில் 235-ஐ ஒட்டி நிற்கும். கம்பெனிக்குக் கம்பெனியும் சில மில்லிமீட்டர் வேறுபடும். ரிம்மைக் காக்கும் ரப்பர் விளிம்பு உள்ள டயர் இன்னும் கொஞ்சம் வெளியே துருத்தும். நண்பர் காரில் உரசவில்லை என்பதற்காக அதே எண்ணை வாங்காதீர்கள். ஸ்கேலை எடுத்து அவர் டயரின் பக்கச்சுவரையே அளந்துவிட்டு வாருங்கள்.

ஆஃப்செட். கம்பெனி ரிம் 7 ஜே, இ.டி. 45; புதியது 8.5 ஜே, இ.டி. 35 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அங்குலம் கூடுதல் அகலத்தில் பாதி 19 மி.மீ. வெளியே, பாதி 19 மி.மீ. உள்ளே. ஆஃப்செட் 10 குறைந்ததால் முழுச் சக்கரமும் 10 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகிறது. வெளியே உரசி, உள்ளே தாராளமாக இடமிருந்தால் ஆஃப்செட் கூடிய ரிம்தான் சரியான மருந்து. அழகுக்காக ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தட்டு) போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். செலவில்லாமல் விடை கிடைக்கும்.

இவை எல்லாம் பார்த்தும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் குறைகிறது என்றால் மூன்று வழிகள் மிச்சம். தடிமனான பம்ப் ஸ்டாப் போட்டு அமுங்கும் தூரத்தைக் குறைக்கலாம். பயணம் கொஞ்சம் முரடாகும். எதிர்க் கேம்பரைக் கூட்டலாம், அதாவது சக்கரத்தின் உச்சியை உள்பக்கம் சாய்க்கலாம்; ஒரு டிகிரிக்கு டயரின் உச்சி சக்கர மையத்திலிருந்து ஏறத்தாழ 5 மி.மீ. உள்ளே சாயும். காரை 10 மி.மீ. உயர்த்தலாம். எவருக்கும் பிடிக்காத ஆலோசனை இது, ஆனால் வேலை செய்யும்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம்: மட்கார்டின் விளிம்பை மடக்குவது என்று முடிவானால். தகரத்தைச் சூடாக்காமல் மடக்கினால் பெயிண்ட் வெடிக்கும். வெடித்த இடத்தில் துரு பிடிக்கும். பல கார்களின் பின்மட்கார்டு இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. வெட்டினால் நீர் உள்ளே இறங்கும். இது பொழுதுபோக்காகச் செய்யும் வேலை இல்லை.

## ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உரசுகிறது

நின்ற காரில் முழுதாக இடப்பக்கம் திருப்பி, பிறகு வலப்பக்கம் திருப்பி, டார்ச்சோடு எட்டிப் பாருங்கள். டயர் தொடும் இடத்தை வைத்து வழி பிரியும்.

முன்பக்கம் அல்லது பின்பக்கப் பிளாஸ்டிக் உறையில் தொட்டால் பெரும்பாலும் டயர் உயரமாக இருக்கிறது, அல்லது ஆஃப்செட் குறைந்து சக்கரம் வெளியே வந்திருக்கிறது. வெளியே வந்த சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டமாக வீசும். உறையைச் சூடுகாட்டி அரை அங்குலம் உள்ளே தள்ளினால் பெரும்பாலும் போதும்.

உள்பக்கத்தில் கீழ்க்கை (சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம்), ஸ்டெபிலைசர் கம்பி, அதன் இணைப்புத் தண்டு ஆகியவற்றில் தொட்டால் விஷயம் வேறு. ரிம் உள்ளே அதிகம் போய்விட்டது. 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் உதவும். ஆனால் நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். 12 மி.மீ. தடிமனும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் உள்ள போல்ட்டில் குறைந்தது 8 முழுச் சுற்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீளமான போல்ட் போட்டே ஆக வேண்டும். ஸ்பேசரின் மேல் ஸ்பேசர் அடுக்கவே கூடாது.

பிரேக் ஹோஸைத் தனியாகப் பாருங்கள். முழுத் திருப்பத்தில் டயர் அதைத் தொட்டால், அல்லது ஹோஸில் பளபளப்பான தேய்மானம் தெரிந்தால், கார் அங்கிருந்து நகரக் கூடாது. மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

## நேர்ச்சாலையில் போகும்போதே சீறல், எரிந்த ரப்பர் வாடை

நிறுத்துங்கள். இந்தப் பட்டியலில் உடனே ஆபத்தானது இதுதான். பெரும்பாலும் டயரின் உள்பக்கச்சுவர் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) குழாயையோ ஸ்பிரிங் தட்டையோ அறுத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சக்கரத்தைக் கழற்றி உள்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சுற்றிவரப் பள்ளம் விழுந்திருந்தால் அந்த டயர் கழிவுதான். உள்ளிருக்கும் நூல் தெரிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மேக்பெர்சன் ஸ்ட்ரட் வகையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஸ்ட்ரட்டும் சக்கரமும் ஒன்றாகவே மேலும் கீழும் போகும். எனவே அந்த இடைவெளி மட்கார்டு இடைவெளியைப்போல மாறிக்கொண்டே இருக்காது. வளைவில் டயர் பிதுங்குவதற்கு 4, 5 மி.மீ. விட்டால் போதும். விரல் நுழையவில்லை என்று பதறுபவர்கள் அளவுகோலால் ஒருமுறை அளந்துவிட்டுப் பதறலாம்.

ஸ்பிரிங் தட்டைக் கீழிறக்கித் தாழ்த்தும் வகை கோயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுதி) என்றால், தாழ்த்தத் தாழ்த்த அந்தத் தட்டு டயரின் உச்சியை நெருங்கும். ஷாக் உடம்பின் நீளத்தையே குறைக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. இடைவெளி போதவில்லை என்றால் ஸ்பேசர், அதற்குப் பிறகு உயரம் குறைந்த டயர், கடைசியில் ரிம். ஸ்ட்ரட் குழாயில் கீறல் ஆழமாக விழுந்திருந்தால் மெக்கானிக் பார்க்கட்டும்.

## 80 கி.மீ. வேகத்துக்கு மேல் அதிர்கிறது

ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரம், இருக்கை நடுங்கினால் பின்சக்கரம் என்று தொடங்கலாம். முன்னும் பின்னும் ஒரே அளவு என்றால் சக்கரங்களை முன்பின் மாற்றிப்போட்டு, நடுக்கம் கூடவே இடம் மாறுகிறதா பாருங்கள்.

பேலன்ஸிங்குக்கு ஓடும் முன் பொருத்தத்தைப் பாருங்கள். நட்டின் அடிப்பாகம் கூம்பா, கோளமா? சில கார்களின் கம்பெனி நட் கோள வடிவம். வெளியே விற்கும் ரிம்களில் பல கூம்புக்குச் செய்தவை. கோள நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் இறுகியதுபோல் தெரியும், ஆனால் உட்காராது. போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் அப்படித்தான். 5 × 112 என்றால் 112 மி.மீ. விட்டத்தில் ஐந்து துளைகள். 5 × 112-க்கும் 5 × 114.3-க்கும் இடையே வெறும் 2.3 மி.மீ. வித்தியாசம். வலுக்கட்டாயமாக மாட்டிவிடலாம், போல்ட் அறுந்துதான் உண்மை தெரியும். 4 × 98, 4 × 100 ஜோடியும் இதே கதை. இந்த இரண்டில் ஒன்று என்றால் அந்த ரிம்மில் இன்னொரு கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம்.

அடுத்தது ஹப் (ரிம்மின் நடுத்துளை உட்காரும், காரின் பக்கத்துப் பாகம்) வளையம். வெளி ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ. என்று பெரிதாக இருக்கும். காரின் ஹப் 57.1 என்றால் நடுவே 8 மி.மீ. வெற்றிடம் சுற்றிவர இருக்கிறது. அதை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால் ரிம் நடுவில் உட்கார நட்டுகளை மட்டும் நம்பியிருக்கும். பேலன்ஸ் இயந்திரத்தில் எல்லாம் சரியாக வந்து, சாலையில் மட்டும் நடுங்குகிறது என்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ரிம் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இந்த வளையம் காசே இல்லை.

ஹப் முகத்தில் துரு, மண் இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, காரைத் தூக்கிவைத்தபடியே நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மெல்ல இறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும். இதற்குப் பிறகும் நடுங்கினால் பேலன்ஸிங். அதிலும் தீராவிட்டால் ரிம் வளைந்திருக்கிறதா என்று டயர் கடையில் இயந்திரத்தில் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

## உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

கேம்பரைத் திட்டித் திட்டியே பலர் டயரைத் தின்னக்கொடுக்கிறார்கள். ஒன்றரை டிகிரி எதிர்க் கேம்பர் மட்டும் டயரைத் தின்றுவிடாது. தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். தாழ்த்தினால் இரண்டுமே மாறும், டோவைச் சரிசெய்யாமல் ஓட்டுபவர்கள்தான் அதிகம்.

கருவி இல்லாமல் ஒரு சோதனை. உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே வழுக்குங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம்போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. இரு திசையிலும் ஒன்றுபோல் இருந்து, உள்விளிம்பு மட்டும் தாழ்ந்திருந்தால் கேம்பர். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. குட்டையான ஸ்பிரிங்குக்குக் கம்பெனி ஷாக் ஈடுகொடுக்கவில்லை. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரு தோளிலும் தேய்ந்தால் குறைவு.

அலைன்மென்ட்டை ஸ்பிரிங் மாட்டிய அன்றே செய்து காசை வீணாக்காதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு செய்யுங்கள். பின்சக்கரத்தில் சரிசெய்ய இடமே இல்லை என்று கடையில் சொன்னால், நீளம் மாற்றக்கூடிய கைகள் அல்லது கேம்பர் போல்ட் தேவை. அது மெக்கானிக் வேலை.

## டயர் ரிம்மின் மேல் இழுத்துக்கட்டியதுபோல் இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் காற்று போகிறது

205/45 ஆர் 17 டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் 6.5 முதல் 7.5 அங்குலம்வரை. அதை 9 அங்குல ரிம்மில் இழுத்து மாட்டுவது படத்துக்கு நன்றாக இருக்கும். டயர் ரிம்மைப் பிடித்துக்கொள்வது உள்ளே இருக்கும் காற்றின் தயவால்தான். காற்று கொஞ்சம் குறைந்து பக்கவாட்டில் ஒரு அடி விழுந்தால் விளிம்பு நழுவும். எனக்கு இந்தத் தோற்றத்தில் துளியும் மரியாதை இல்லை. மாட்டித்தான் ஆவேன் என்பவர் காற்றை வாரம் ஒருமுறையாவது அளந்துகொள்ளட்டும்.

இப்படி டயரை இழுத்து மாட்டியதில் ரிம் விளிம்பு வெளியே தெரிந்தால் முதல் கல்லிலேயே ரிம் கீறும். சரியான வழி, ரிம் அகலத்துக்கு அனுமதித்த டயரை வாங்குவதுதான். 8.5 அங்குலத்துக்கு 225/45 ஆர் 17 மேல்வரம்பில் பொருந்தும். 18 அங்குல விட்டம் என்றால் 225/40, 235/40 இரண்டும் அனுமதித்த வரம்பில் வரும்.

பக்கச்சுவரில் முட்டைபோல் வீக்கம் வந்தால் உள்நூல் அறுந்துவிட்டது. ஒட்டுப்போட முடியாது. டயரை மாற்றுங்கள். ஒரே டயரில் அல்லாமல் அடிக்கடி வெவ்வேறு டயரில் வீங்குகிறது என்றால், அடுத்த முறை ஒரு அங்குலம் சிறிய ரிம் வாங்குங்கள். அதற்கு முன் சுமைக் குறியீட்டையும் பாருங்கள். கம்பெனி டயர் 91, அதாவது 615 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 215/40 ஆர் 18 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) டயரில் 89 என்று போட்டிருந்தால் அது 580 கிலோதான். உரசாது, ஆனால் போதாது. 225/40 ஆர் 18 எக்ஸ்எல், 92 என்றால் 630 கிலோ. அதிலும் ஒரு சூட்சுமம்: சாதாரண டயர் தன் முழுச் சுமையை 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தாங்கும், எக்ஸ்எல் டயருக்கு 42 வேண்டும். கதவோரத்தில் ஒட்டியுள்ள பழைய அழுத்தத்தையே எக்ஸ்எல் டயருக்கும் வைத்தால், தாங்குதிறன் குறைந்த நிலையில்தான் ஓட்டுகிறீர்கள். டயர் கம்பெனியின் அழுத்த அட்டவணையைக் கடையில் கேட்டு, அதன்படி கூட்டி வையுங்கள்.

## ஸ்டியரிங் சாலைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிறது

அகல டயரில் இது ஓரளவு இயல்பு. அளவு மீறினால் முதலில் காற்று, அடுத்து டோ. ஆஃப்செட் வெகுவாகக் குறைந்திருந்தால் சாலையின் ஒவ்வொரு மேடும் ஸ்டியரிங்குக்கு நேரே வரும். அதை அலைன்மென்ட் தீர்க்காது. ஒரே பக்கம் இழுத்தால் முன்சக்கரங்களை இடம்வலம் மாற்றிப் பாருங்கள். ஒரு திசைக்கென அம்புக்குறி போட்ட டயர்களில் இது செல்லாது. இழுப்பு திசை மாறினால் டயர், மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது பிரேக்.

## வேகமானி தவறாகக் காட்டுகிறது, ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன 245/40 ஆர் 18, கம்பெனி அளவைவிட 3.4 சதவீதம் பெரிது. வேகமானி 100 காட்டும்போது சக்கரம் அதைவிட அதிகம் ஓடியிருக்கும். ஐ.நா. வாகன விதிமுறை எண் 39-இன்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. விட்ட வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பொதுவாகப் போதும்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் டயர் அளவைக் குறைசொல்லும் முன் சென்சார் வயரைப் பாருங்கள். ஸ்பிரிங் மாற்றும்போது இழுபட்டிருக்கும், அல்லது டயர் உரசி உறை கிழிந்திருக்கும். வயர் நன்றாக இருந்தால் முன்னும் பின்னும் டயர் விட்டத்தைக் கணக்குப் போடுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் நான்கும் ஒரே விட்டத்தில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலிருக்கும் கப்ளிங் சூடேறிக் கெடும். அளவும் வயரும் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் ஸ்கேன் கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள்.